மணலில் நிற்கும் எடுவார்ட் போலன்: வாட்ஸப் சொல்லாத பாதி

#1 நெய்தல்வாசி (இழையைத் தொடங்கியவர்)

நேற்று காலை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா ஒரு படம் போட்டார். கண்ணுக்கெட்டிய தூரம் மணல். நடுவில் துருப்பிடித்த கப்பல் ஒன்று இடுப்பு வரை புதைந்து நிற்கிறது. கீழே: “பாலைவனத்துக்குள் கப்பல் வந்தது எப்படி? விஞ்ஞானிகளே திணறும் மர்மம்! தவறாமல் பகிரவும்.” பெரியப்பா தபால்காரராக முப்பது வருஷம் இருந்தவர். முகவரி இல்லாத கடிதத்தைத் தொடமாட்டார். முகவரி இல்லாத செய்தியை மட்டும் பத்துக் குழுவுக்குப் பட்டுவாடா செய்துவிடுவார்.

மர்மமெல்லாம் இல்லை. கப்பலுக்குப் பேர் உண்டு, ஊர் உண்டு, தரைதட்டிய தேதி வரை இருக்கிறது. எடுவார்ட் போலன் என்ற நீராவிச் சரக்குக் கப்பல் அது. ஹாம்பர்க்கில் ப்ளோம் உண்ட் ஃபோஸ் தளத்தில் 1891-ல் கட்டியது. 2,272 டன், 310 அடி நீளம். ஆப்பிரிக்க வியாபாரத்தில் கொழித்த வோர்மன் லைனுக்குச் சொந்தம். இன்றைய நமீபியா அன்று ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே சுவாகோப்முண்டிலிருந்து கேப் டவுனின் டேபிள் பே துறைமுகத்துக்குப் போகிற வழியில், 1909 செப்டம்பர் 5 அன்று, கடும் மூடுபனியில் கன்செப்ஷன் விரிகுடா பக்கம் தரைதட்டியது. இப்போது அது கிடக்கும் இடத்துக்கும் அலைக்கும் நடுவே சுமார் 400 மீட்டர் மணல்.

இதோடு முடிந்திருந்தால் பெரியப்பாவுக்கு ஒரு வரி பதில் போட்டுவிட்டுப் போயிருப்பேன். தேடிக்கொண்டே போனதில் இன்னொன்று அகப்பட்டது. 1904 ஜனவரி 12-ல் ஹெரேரோ மக்கள் ஜெர்மன் ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். எட்டே நாளில், ஜனவரி 20 அன்று, 282 ஹெரேரோ கைதிகளை சுவாகோப்முண்டில் ஒரு கப்பலில் ஏற்றினார்கள். கரையில் அத்தனை பேரை அடைத்துவைக்க இடம் கிடையாது. அவர்களை அப்படியே தெற்கே கொண்டுபோய் தென்னாப்பிரிக்கச் சுரங்க வேலைக்கு விற்றார்கள். அந்தக் கப்பல்தான் இது. ஐந்து வருஷம் கழித்து அதே தெற்குத் தடத்தில் போகும்போதுதான் மணலேறியிருக்கிறது.

அந்தப் படம் ஏதோ ஒரு வடிவில் வருஷத்துக்கு நாலு தடவை என் போனுக்கு வருகிறது. மணலைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த 282 பேரைப் பற்றி ஒரு வரி கிடையாது. என் ஆதங்கம் அவ்வளவுதான்.

கடலோரக்காரர்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள், புவியியல் தெரிந்தவர்கள் எல்லாரும் வாருங்கள். எனக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது.

#2 குறும்பன்

பாலைவனக் கப்பல்னா ஒட்டகம்னு நாலாம் வகுப்புல படிச்சேன். அந்த மார்க்கைத் திருப்பித் தரணுமா?

#3 பழைய செராங்கு

தம்பி நெய்தல்வாசி, நல்ல விஷயத்தை எடுத்திருக்கீரு. நான் தூத்துக்குடி. முப்பத்திரண்டு வருஷம் கப்பல்ல, டெக் வேலை. அந்தக் கரையை நாலஞ்சு தடவை கடந்திருக்கேன். கடந்திருக்கேன்னு சொல்றதுதான் சரி, பாத்தேன்னு சொல்ல முடியாது. ஒரு தடவை மூணு நாளும் பனிதான். நாங்க ரேடாரை வச்சு ஓட்டினோம். 1909-ல அவனுக்கு ஏது ரேடாரு?

அன்னைக்கு ஓட்டுன விதம் இப்படி. வெயில் இருந்தா சூரியனைப் பாத்து இடம் குறிப்பான். பனி அடிச்சா அதுவும் போச்சு. இத்தனை மணி நேரம், இத்தனை வேகம், இந்தத் திசைன்னு தாள்ல கணக்குப் போட்டுக்கிட்டே போகணும். இடையில ஈயக்குண்டைக் கயித்துல கட்டி இறக்கி எத்தனை பாகம் ஆழம்னு பாப்பான். குண்டோட அடியில கொழுப்பு தடவியிருக்கும், அதுல மணல் ஒட்டுதா சேறு ஒட்டுதான்னு பாத்து இடத்தை யூகிக்கிறது. இந்தக் கணக்குல நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், அது ஒண்ணைத்தான் சரியாப் பிடிக்க முடியாது. மணிக்கு அரை மைல் உம்மைக் கரைப்பக்கம் தள்ளுதுன்னு வையும், பத்து மணி நேரத்துல அஞ்சு மைல். தாள்ல நீரு நடுக்கடல்ல இருப்பீரு, கப்பல் கரைக்குப் பக்கத்துல வந்திருக்கும்.

அங்க நீவாடு தெக்க இருந்து வடக்க போவுது. அலை தென்மேக்குல இருந்து பெரிசு பெரிசா வந்து கரையைப் பாத்து உந்தும். ஆப்பிரிக்கக் கடலோரத்துல அந்தப் பக்கம் மலையும் இல்ல மரமும் இல்ல. பனியோட நிறமும் மணலோட நிறமும் ஒண்ணுதான். அலை உடையுற சத்தம் காதுல விழும்போது திருப்புறதுக்கு நேரம் இருக்காது.

கேப்டனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

#4 வன்னிக்காற்று

இதை வாசிக்கேக்க எனக்கு முல்லைத்தீவுதான் ஞாபகம் வருது. ஃபரா 3 எண்டு ஒரு கப்பல், ஜோர்தான்காரற்ற. 2006 டிசம்பர்ல இந்தியாவில இருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசியோட போகேக்க எஞ்சின் பழுதாகி எங்கட கரையில வந்து ஏறினது. கப்பலில இருந்த 25 பேரையும் செஞ்சிலுவைச் சங்கம் மூலம் அனுப்பினவை. சண்டை முடிஞ்சு கன நாளாகியும் அந்தக் கப்பல் அங்கயேதான் நிண்டது. நான் 2010-ல ஊருக்குப் போனபோது ஒரு பக்கம் தகடு எல்லாம் கழண்டு, விலா எலும்பு மாதிரித் தெரிஞ்சது. பிறகு இரும்புக்கு வெட்டிப்போட்டினம்.

கேள்வி ஒண்டு. முல்லைத்தீவுக் கப்பலைச் சுத்தி அவ்வளவு காலமும் கடல் நிண்டது. இந்தக் கப்பலை விட்டு மட்டும் ஏன் கடல் விலகினது?

#5 புவியியல் டீச்சர்

வன்னிக்காற்று கேட்டதுதான் சரியான கேள்வி. பலரும் “கடல் பின்வாங்கிவிட்டது” என்று எழுதுகிறார்கள். கடல் எங்கேயும் போகவில்லை, கரைதான் முன்னால் நகர்ந்து வந்தது.

இந்த மணலின் பூர்வீகம் ஆரஞ்சு ஆறு. தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டிலிருந்து பாறையை அரைத்துக்கொண்டு வந்து அட்லாண்டிக்கில் கொட்டுகிறது. தென்மேற்கிலிருந்து வரும் அலைகள் அந்த மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வழியில் கரையேறும் மணலைத் தென்மேற்குக் காற்று அள்ளி உள்ளே வீசுகிறது. நமீபின் பெரிய மணல்மேடுகள் எல்லாம் இப்படி வந்தவை. 2013-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நமீப் மணற்கடல் இதுதான். மணல் வந்துகொண்டே இருக்கிற கரை அது. முல்லைத்தீவில் இந்த அளவுக்கு மணல் வரத்து கிடையாது.

என் மாணவிகளுக்கு நான் சொல்லும் பயிற்சி ஒன்று. கடற்கரையில் காற்று வீசுகிற சாயங்காலம், ஒரு செருப்பைக் கழற்றி மணலில் நிமிர்த்தி வையுங்கள். சுண்டல் தின்று முடிப்பதற்குள் பாருங்கள். காற்று வரும் பக்கம் சின்னப் பள்ளம், மறைவுப் பக்கம் வால் மாதிரி ஒரு மணல் திட்டு. 310 அடி இரும்புச் செருப்பை நூறு வருஷத்துக்கு மேல் வைத்தால் என்ன ஆகும்?

அந்தக் கரை எவ்வளவு மணல் தரும் என்பதற்கு ஜெர்மன்காரர்களே சாட்சி. வால்விஸ் பே நல்ல இயற்கைத் துறைமுகம், ஆனால் 1878-லேயே ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் 1892-ல் அதற்கு வடக்கே சுவாகோப்முண்டில் இறங்கினார்கள். அங்கே துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. கப்பல் வெளியே நிற்கும், லைபீரியாவிலிருந்து கொண்டுவந்த குரூ இனத்துப் படகோட்டிகள் அலையைத் தாண்டி சாமான் இறக்குவார்கள். 1903-ல் பெரும் செலவில் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். மூன்று வருஷத்தில் மணல் மூடிவிட்டது.

400 மீட்டரை 115 வருஷத்தால் வகுத்தால் வருஷத்துக்கு மூன்றரை மீட்டர். கப்பல் முதலில் தட்டியது கரையிலிருந்து சற்றுத் தள்ளி என்பதால் உண்மையான வேகம் இன்னும் கொஞ்சம் கூட இருக்கும். ஒரே சீராக வளர்ந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். மணல் அப்படி ஒழுங்காக வேலைக்கு வருகிற ஆள் இல்லை.

#6 மயிலைவாசி

டீச்சர், நம்ம மெரினாவும் இதே கதைதானே? அந்தக் காலத்தில் மெட்ராஸில் மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போகணும் என்று தாத்தா சொல்வார்.

1966 நவம்பர் புயலில் மெரினாவில் ஒரு கப்பல் கரையேறியது. எனக்கு அப்போது ஏழு வயசு, தாத்தா தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். கடற்கரையில் திருவிழா மாதிரி கூட்டம். எனக்கு ஞாபகம் இருப்பது கப்பலை விட, அதைப் பார்க்க வந்தவர்களுக்குப் பட்டாணி விற்ற ஆள்தான்.

#7 புவியியல் டீச்சர்

அதே கதைதான், காரணம் மட்டும் கொஞ்சம் வேறு. துறைமுகச் சுவரைக் கடலுக்குள் நீட்டினோம், வடக்கே போகிற மணல் சுவரின் தென்பக்கம் தேங்கியது. அதுதான் மெரினாவின் அகலம். 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டபோது அலை இப்போதைவிட எவ்வளவோ கிட்டத்தில் இருந்தது. தெற்கே நமக்குக் கிடைத்த மணல் வடக்கே ராயபுரத்துக்குக் கிடைக்காமல் போனது. அங்கே தெருத்தெருவாகக் கடல் தின்றது. மெரினாவில் காற்று வாங்குகிற யாரும் ராயபுரத்துக்காரர்களுக்கு ஒரு நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

#8 நடுவர்

மெரினா, ராயபுரம் பற்றி எழுத விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்குங்கள், நன்றாக ஓடும். இங்கே போலனோடு நிற்போம். “பெர்முடா முக்கோணத்தின் தம்பி” என்று காணொளிச் சுட்டி போட்டவரின் பதிவு நீக்கப்பட்டது.

#9 அட்லஸ் அண்ணா

ஒரு சின்னத் திருத்தம். எல்லா இடத்திலும் இந்தக் கப்பலை “எலும்புக்கூட்டுக் கடற்கரை” என்ற தலைப்பில்தான் போடுகிறார்கள். அந்தப் பேரில் உள்ள தேசியப் பூங்கா உகாப் ஆற்றிலிருந்து வடக்கே குனேனே ஆறு வரை, அங்கோலா எல்லையைத் தொடும். போலன் கிடப்பது வால்விஸ் பேக்கும் தெற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். உகாப்பிலிருந்து அளந்தால் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. இது நமீப்-நௌக்லுஃப்ட் பூங்காவுக்குள் வருகிறது. பேர் கேட்க பயங்கரமாக இருக்கிறது என்பதற்காக ஒரு கப்பலை முந்நூறு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

#10 குறும்பன்

115 வருஷமா யாராலும் இழுக்க முடியாத கப்பலை ஒரே தலைப்புல இழுத்துட்டாங்களே அண்ணா, அதுக்காவது பாராட்டுங்க.

#11 நேர்கோடு

நல்ல இழை. ஆனால் ஒரு கேள்வி. கப்பல் தரைதட்டியது பனியால், மணல் மூடியது காற்றால். இதில் 1904 ஹெரேரோ விவகாரத்தை ஏன் கொண்டுவர வேண்டும்? அந்தக் காலத்தில் கப்பல் எதை ஏற்றச் சொன்னாலும் ஏற்றும். வரலாற்றில் நடந்ததை எல்லாம் இன்றைய கண்ணால் பார்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் எந்தக் கப்பலைத்தான் ரசிப்பது? கட்டிய விதம், எஞ்சின், நிலக்கரி என்று பேசலாமே.

#12 நெய்தல்வாசி

நேர்கோடு, கப்பலைக் கூண்டில் ஏற்றவில்லை. இரும்புக்கு என்ன தெரியும்? வரலாறு என்று எழுதிவிட்டு, 18 வருஷம் ஓடிய கப்பலின் வாழ்க்கையில் ஒரே ஒரு நாளை, அதுவும் அது ஓடாமல் நின்ற நாளை மட்டும் சொல்வதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

இந்தக் கப்பலின் பேரே ஒரு கம்பெனிக்காரரின் பேர். எடுவார்ட் போலன் வோர்மன் கம்பெனியின் பங்குதாரர். தலைவர் அடால்ஃப் வோர்மன். ஹெரேரோ போர் தொடங்கியதும் ஜெர்மனியிலிருந்து படைவீரர், குதிரை, பீரங்கி எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கியதில் பெரும் காசு பார்த்தது இந்தக் கம்பெனிதான். 1904 ஆகஸ்ட் 11-ல் வாட்டர்பெர்க் சண்டை. தோற்றவர்களை ஒமஹேகே பாலைக்குள் விரட்டினார்கள். அக்டோபர் 2-ல் தளபதி ஃபான் ட்ரோதா, ஜெர்மன் எல்லைக்குள் கண்ணில்படும் ஹெரேரோ எவரையும், ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுட உத்தரவிட்டான். உயிரோடு பிடிபட்டவர்களைப் பிறகு கைதி முகாம்களில் அடைத்து வேலை வாங்கினார்கள். சுவாகோப்முண்டில் வோர்மன் கம்பெனி தனக்கென்று சொந்தமாகவே ஒரு முகாம் வைத்திருந்தது. சாமான் இறக்க, ஏற்ற ஆள் வேண்டுமே.

1985-ல் ஐ.நா.வுக்கு அளித்த விட்டேக்கர் அறிக்கை 80,000 ஹெரேரோக்களில் 65,000 பேர் இறந்ததாகக் கணக்குச் சொன்னது. 2021 மே மாதம்தான் ஜெர்மனி அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டு, முப்பது வருஷத்தில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. அதைக்கூட இழப்பீடு என்று பேர் சொல்லாமல், உதவி என்றார்கள்.

ஆக, கப்பலை ரசியுங்கள். நானும் ரசிக்கிறேன். பேர்ப்பலகையையும் சேர்த்து வாசியுங்கள் என்கிறேன்.

#13 டர்பன் டைரி

தென்னாப்பிரிக்காவில் வேலையாக இருக்கிறேன். சுரங்கத்துக்கு ஏன் ஆள் விற்க முடிந்தது என்பதற்கு ஒரு பின்னணி. போயர் போர் 1902-ல் முடிந்தபோது ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களில் ஆள் பஞ்சம். பழைய தொழிலாளிகள் குறைந்த கூலிக்குத் திரும்பி வரவில்லை. 1904-லேயே சீனாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்குமதி செய்யத் தொடங்கினார்கள். அந்த வருஷம் 282 திடமான ஆண்கள் கப்பலில் வந்தால், எங்கிருந்து வந்தீர்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நம்ம ஆட்களும் இந்தக் கரைக்கு வந்தவர்கள்தான். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து 342 பேரோடு டர்பனுக்கு வந்தது. அதே சரக்கு, வேறு கப்பல்.

#14 நெய்தல்வாசி

டர்பன் டைரி, சுரங்கப் பின்னணிக்கு மிக்க நன்றி, அது எனக்குத் தெரியாது. ஆனால் கடைசி வரியை அப்படியே ஏற்க மாட்டேன். ட்ரூரோவில் வந்தவர்கள் பசியால் வந்தார்கள், பலர் ஏமாற்றப்பட்டும் வந்தார்கள். அங்கே பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனாலும் அவர்களிடம் ஒரு காகிதம் இருந்தது, அதில் இத்தனை வருஷம் என்று ஒரு கணக்கு இருந்தது. இந்த 282 பேருக்குக் காகிதமே கிடையாது. பிடித்தவன் விற்றான். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டு பேர் வலியும் மங்கிப்போகும்.

#15 டர்பன் டைரி

ஒத்துக்கொள்கிறேன். அவசரத்தில் எழுதிவிட்டேன்.

#16 பழைய செராங்கு

நேர்கோடு தம்பி கட்டுன விதத்தைப் பத்திக் கேட்டாரு. சொல்றேன். நான் கப்பலுக்குப் போன புதுசுல ஒரு பழைய சரக்குக் கப்பல்ல வேலை. பண்டகம் ரெண்டு அடுக்கு. மேலடுக்கை ட்வீன் டெக்ம்போம். அதுக்குக் கீழ அடிப்பண்டகம். மேல ஹேட்ச் வாயில மரப்பலகையை அடுக்கி, தார்ப்பாயை இழுத்து, ஆப்பு அடிப்போம்.

ஒரு தடவை காண்ட்லாவுல மழை. நானும் இன்னொரு பையனும் கீழ குப்பை கூட்டிக்கிட்டு இருக்கோம். மேல உள்ளவன் நாங்க ஏறிட்டோம்னு நெனச்சு ஹேட்ச்சை மூடிட்டான். இருபது நிமிஷம் இருக்கும். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒண்ணுதான். தகடு வேர்த்துச் சொட்டுது, பழைய சாக்கு நாத்தம், அடியில பில்ஜ் தண்ணி அங்கிட்டும் இங்கிட்டும் போற சத்தம். கத்துறோம், நாங்க கத்துனது எங்களுக்கே திரும்பி வருது. அந்தப் பையன் மாதாவைக் கூப்பிட ஆரம்பிச்சிட்டான். எங்களுக்காவது மேல உள்ளவன் சிநேகிதன், மழை விட்டதும் திறந்திருவான்னு தெரியும்.

சரக்குக் கப்பல்ல 282 பேரை ஏத்தணும்னா மேல்தளத்துல குவிக்கணும், இல்லன்னா பண்டகத்துல இறக்கணும். மூணாவது இடம் கிடையாது. சுவாகோப்முண்ட்ல இருந்து கேப் டவுன் எழுநூறு மைல் சொச்சம். பத்து நாட் வேகத்துல, அதாவது மணிக்குப் பத்து கடல் மைல்ல போனாலும் மூணு நாள். அவங்கள்ல எத்தனை பேரு அதுக்கு முன்ன கப்பல் ஏறியிருப்பான்? மாடு மேய்க்கிற சனம்.

இதுதான் தம்பி, எனக்குத் தெரிஞ்ச கட்டுமான விவரம்.

#17 நேர்கோடு

அண்ணாச்சி, நான் கேட்ட தொனி சரியில்லை. மன்னிக்கவும்.

#18 கங்காரு நாட்டான்

நம்ம ஊர்... சரி, இப்போ நான் இருக்கிற ஊர்க் கதை ஒண்ணு. குயின்ஸ்லாந்துல கலௌண்ட்ரா பக்கம் டிக்கின்னு ஒரு கடற்கரை. 1893 பிப்ரவரி புயல்ல அங்க ஏறின டிக்கி என்ற சின்ன நீராவிக் கப்பலோட பேர்தான் கடற்கரைக்கும். 226 டன்தான். அது அலைக்குள்ளேயே நின்னதால வருஷா வருஷம் தேய்ஞ்சு, நீந்துறவங்களுக்கு ஆபத்துன்னு 2015-ல மிச்சத்தையும் எடுத்துட்டாங்க. இப்ப பேர் மட்டும் இருக்கு.

போலன் இன்னும் நிக்குதுன்னா மணல் மூடினதாலதானோ?

#19 புவியியல் டீச்சர்

ஒரு பாதி ஆமாம். அலை அடித்து நொறுக்குவது நின்றது. ஆனால் துரு நிற்கவில்லை. அந்தக் கரையில் வருஷத்துக்கு 20 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது, பனி மட்டும் உண்டு. குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தின் மேல் காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. அங்கே ஒரு வண்டு தலைகீழாக நின்று முதுகில் படியும் பனியைக் குடித்துத்தான் உயிர் வாழ்கிறது. வண்டுக்குத் தண்ணீர் தருகிற அதே பனி உப்போடு சேர்ந்து இரும்பைத் தின்னும்.

இன்னொரு சங்கதி. அந்தக் கரையோரத்து வைரமும் மணல் வந்த வழியில்தான் வந்தது. ஆரஞ்சு ஆறு கொண்டுவந்து, அலை வடக்கே தள்ளி, கரையில் சேர்த்தது. 1908 ஏப்ரலில் லூடெரிட்ஸ் பக்கம் ரயில் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சகாரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி ஒரு கல்லைப் பொறுக்கி மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டௌக்கிடம் கொடுத்தார். ஸ்டௌக் கோடீஸ்வரரானார். லெவாலாவுக்குப் பரிசாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதே வருஷம் ஜெர்மன் அரசு தெற்குக் கரையைத் தடைசெய்யப்பட்ட பகுதி ஆக்கியது. அடுத்த வருஷம் போலன் தரைதட்டியது. வைரம் தேடி கன்செப்ஷன் விரிகுடா வரை ஆட்கள் வந்தார்கள். தங்க வீடில்லாத ஊரில், கரையில் நின்ற கப்பலையே சுரங்கக்காரர்கள் விடுதியாக வைத்துக்கொண்டார்கள் என்பது அங்கே வழிகாட்டிகள் எல்லாரும் சொல்கிற கதை.

#20 குறும்பன்

கடல் நோக்கிய அறை, வருஷா வருஷம் கடல் கொஞ்சம் தள்ளிப்போகும். வாடகையைக் குறைச்சிருப்பாங்களா?

#21 விண்ட்ஹோக் விஜி

நான் நமீபியாவில் இரண்டு வருஷம் இருந்தேன். போன ஜூலையில் சுவாகோப்முண்டிலிருந்து செஸ்னா விமானத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விமானி போக ஐந்து பேர் உட்காரலாம். தரைவழியாகப் போக வேண்டுமென்றால் அனுமதி பெற்ற வழிகாட்டியோடு நான்கு சக்கர இயக்க வண்டியில், மணல்மேட்டில் நாள்கணக்கில் போக வேண்டும். எனக்கு அவ்வளவு லீவு இல்லை.

முதலில் உள்நாட்டுப் பக்கம் போய்ச் சிவப்பு மணல்மேடுகளைக் காட்டினார்கள். அங்கிருந்து கடலை நோக்கித் திரும்பினதும் நிறம் மெல்ல வெளுத்துக்கொண்டே வருகிறது. கரைக்குச் சற்று முன்னால் பாழடைந்த வைர முகாம்கள். மரக் குடிசைகளின் சட்டங்கள் மட்டும் வெயிலில் நிற்கின்றன. அப்புறம் விமானி கையை நீட்டினார்.

படத்தில் பார்த்து நான் பெரிதாக எதையோ எதிர்பார்த்திருந்தேன். மேலிருந்து பார்க்க, யாரோ சமையலறைத் தரையில் போட்டுவிட்டு மறந்த பழைய அரிவாள்மணை மாதிரி இருந்தது. முன்பகுதி மட்டும் இன்னும் கப்பல் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. நடுப்பகுதி உள்வாங்கிச் சரிந்துவிட்டது. பக்கத் தகடுகள் போன இடத்தில் குறுக்குச் சட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன, உள்ளே முழுக்க மணல். செராங்கு அண்ணாச்சி சொல்கிற பண்டகம் இப்போது மணலால் நிரம்பியிருக்கிறது. விமானி இறக்கையைச் சாய்த்து இரண்டு சுற்றுச் சுற்றினார். எங்கள் விமானத்தின் நிழல் கப்பலின் மேல் ஏறி இறங்கியது. நரிகள் உள்ளே குடியிருப்பதாகச் சொன்னார், நான் பார்க்கவில்லை.

அவர் இன்ன வருஷம், இத்தனை டன், பனி, வைரம் எல்லாம் சொன்னார். 1904 பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அன்று கேட்கத் தெரியவில்லை. சுவாகோப்முண்டில் திரும்பி இறங்கி நடக்கையில் வோர்மன் வீட்டு வாசலில், அந்தக் கோபுரத்தோடு சேர்த்து, படம் எடுத்துக்கொண்டேன். 1905-ல் எழுந்த கட்டடம், அழகானது. இந்த இழையைப் படித்த பிறகுதான் அது யார் வீடு என்று உறைத்தது.

#22 நெய்தல்வாசி

விஜி, இதைவிட என்ன வேண்டும்! பெரியப்பாவுக்கு இந்த இழையின் சாரத்தைத் தமிழில் எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு போன் செய்தார். “அந்த 282 பேர் திரும்பி வந்தாங்களாடா?” என்று கேட்டார். நான் சும்மா இருந்தேன். “சரி, அதை யாரும் எழுதி அனுப்ப மாட்டான்” என்று வைத்துவிட்டார். அந்தப் படத்தைக் குழுவிலிருந்து அவரே நீக்கியிருக்கிறார்.

#23 வன்னிக்காற்று

பெரியப்பாவுக்கு என்ர வணக்கம் சொல்லுங்கோ.

#24 மயிலைவாசி

விஜி அம்மா, அடுத்த வருஷம் பையன் கேப் டவுனுக்குக் கூப்பிடுகிறான். அங்கிருந்து இதைப் பார்க்கப் போக முடியுமா? எத்தனை மணிக்கு விமானம்? எனக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது, படிக்கட்டு அதிகம் இருக்குமா?

#25 விண்ட்ஹோக் விஜி

தாராளமாகப் போகலாம் சார். கேப் டவுனிலிருந்து வால்விஸ் பேக்கு விமானம் உண்டு. அங்கிருந்து சுவாகோப்முண்ட் அரைமணி நேரக் கார்ப்பயணம். செஸ்னாவில் ஏற ஒரே ஒரு எட்டுதான், படிக்கட்டே கிடையாது. ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள், சாய்த்துச் சுற்றும்போது வயிறு கொஞ்சம் புரளும், காலையில் இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மணி மட்டும் சொல்ல முடியாது. எங்களை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். போனால் விமானம் நிற்கிறது, ஓடுதளம் தெரியவில்லை. விமானி காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்குத்தான் பனி விலகியது.